எட்டு எம்.எம். ஓட்டை

நாற்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கோ கேட்கிற ஒரு சத்தம் உங்களை உட்கார்ந்த இடத்தில் உட்காரவிடாமல் எழுப்பி நடக்கவைக்கிறதா? எனக்கு அது டிரில்லிங் மெஷின் சத்தம். போன மாதம் பக்கத்து ஃபிளாட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்ட யாரோ சுவரைத் துளைத்தார்கள். பத்து நிமிஷ வேலைதான். அந்தப் பத்து நிமிஷமும் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது. மகள் வந்து, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் ஏழாவது முடித்திருந்த கோடை. தங்கச் சுரங்கத்தை நம்பியிருந்த எங்கள் கோல்டு ஃபீல்டில் எங்கே இரண்டு பேர் நின்றாலும் ஒரே பேச்சு: மைன்ஸை மூடப்போகிறார்களாம், மூடமாட்டார்களாம், அடுத்த வருஷமாம். எங்கள் வீடு கோரமண்டல் பக்கம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை இல்லை. பெரிய பெரிய இயந்திரங்கள் செய்கிற ஃபேக்டரியில் ரிக்கர். அதாவது, செயின் கட்டி, கிரேன்காரருக்குக் கையால் ஜாடை காட்டி, யானை யானையாக இருக்கும் பாகங்களைத் தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் நூல் பிசகாமல் வைப்பது. "உங்கப்பா கை காட்டினா பத்து டன்னு பூ மாதிரி எறங்கும்" என்று அவருடைய ஷிஃப்ட் ஆட்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது.

அம்மா ஆம்பூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் மாமாவின் பட்டறையில் நாலு வருஷம் டிரில்லிங் மெஷின் ஓட்டியவள். இதைக் கல்யாணப் பேச்சில் யாரும் சொல்லவில்லையாம். மாமா அவளுடைய அண்ணன். அந்தக் கோடையில் அவர் ஆம்பூர்ப் பட்டறையை எடுத்துவிட்டு ஓசூருக்குப் போனார். போகும்போது மெஷின்களில் ஒன்றைத் தங்கைக்கென்று ஒதுக்கிவைத்தார். அம்மா நேரில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் நடந்த நடையே வேறு. பின்பக்கத்துத் தகர ஷெட்டிலிருந்து விறகையும் உடைந்த சைக்கிளையும் வெளியே தள்ளினாள். மெஷின் வருவதற்கு முன்பே பஜாரில் கேட் செய்கிற பட்டறைக்காரரிடம் வேலையும் பேசிவிட்டாள். கேட் கீலுக்கான இரும்புப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் எட்டு எம்.எம். ஓட்டை நாலு.

மெஷினை ஆம்பூரிலிருந்து கொண்டுவரும் பொறுப்பு அப்பாவுடையது. டெம்போவுடன் நாலு கூலியாட்களையும் அனுப்புவதாக மாமா சொல்லியிருந்தார். "அதுக்கு எதுக்கு நாலு பேரு? நான் இன்னா பாரம் எறக்கத் தெரியாதவனா?" என்று அப்பா மறுத்துவிட்டார்.

அது வந்து சேர்ந்த அன்று அம்மா பேத்தமங்களாவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். டெம்போவின் பின்கதவைத் திறந்ததும் சாக்குகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் அது சாய்ந்து கிடந்தது. ஆளுயரத் தூண், மேலே தலை போல மோட்டாரும் புல்லியும், முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த சக். டிரில் பிட்டைப் பிடித்துக்கொள்கிற வாய் அதுதான். அப்பா கயிறு கட்டினார். டிரைவரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லிவிட்டுத் தான் முன்னால் நின்று, இரண்டு பலகை போட்டுச் சறுக்கினார். பாதி வந்தது. டிரைவர் கால் வழுக்கியதா, கயிறு நழுவியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெஷின் ஒருக்களித்துப் புரண்டு, வாசல் கருங்கல் படியில் அந்த மூக்கு இடிக்க விழுந்தது.

மணி அடித்தது போல இருந்தது. அதற்கப்புறம் தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

அப்பா முதலில் தெருவைத்தான் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வெயிலுக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். டிரைவரும் அவருமாக எப்படியோ நிமிர்த்தி ஷெட்டுக்குள் நகர்த்தினார்கள். டெம்போ போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். ஓடியது. அப்பா மூச்சுவிட்டார். பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சையைப் பூசினார். மெஷினின் பச்சை வேறு, ஜன்னல் பச்சை வேறு. எனக்கு உடனே தெரிந்தது.

"பாப்பா, அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லிக்காத, இன்னா?"

"சரிப்பா."

அவரே சொல்லிவிடுவார் என்றுதான் அன்றைக்கு நம்பினேன். மறுநாளும் நம்பினேன்.

சாயங்காலம் கை நிறையக் கண்ணாடி வளையலுடன் வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போனாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சுற்றிச் செருகினாள். ஒரு பட்டையை எடுத்து, பஞ்ச் வைத்து ஒரே அடியில் புள்ளி வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, கைப்பிடியை இறக்கினாள். இரும்பு சுருள் சுருளாக மேலே ஏறியது. சூடான எண்ணெயும் இரும்பும் சேர்ந்த வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. ஆனால் கைப்பிடியை விட்டதும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னாங்க, ஒரு மாதிரி நடுங்குதே?"

"புது எடம். தரை சரியா உக்காரணும்ல" என்றார் அப்பா. அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கலாம். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நூறு பட்டைகளைச் சாக்கில் கட்டி அப்பாவின் சைக்கிளில் அனுப்பினாள். மூன்றாம் நாள் கேட் பட்டறைக்காரரே சாக்குடன் வந்துவிட்டார். வயசானவர், காதில் பென்சில், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். போல்ட்டை ஓட்டையில் போட்டுக் காட்டினார். அது உள்ளே கிடந்து சலங்கை மாதிரி ஆடியது.

"எட்டு கேட்டேன்மா. இது எட்டரைக்கு மேல போயிடுச்சு. சிலது புள்ளியை உட்டே தள்ளிக் கீது. கேட்டு தொங்கிடும். யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் அம்மா.

"அப்படியா?" என்று மட்டும் சொன்னார். அந்த 'அப்படியா'வை அம்மா ரொம்ப நாள் சுமந்தாள்.

அதிலிருந்து வீட்டில் வைத்தியம் ஆரம்பித்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக ஷெட்டுக்குள் போவார். முதலில் பிட்டைக் குறை சொன்னார். பிட்டின் முனையில் வெட்டுகிற இரண்டு உதடும் ஒரே அளவாக இல்லாவிட்டால் ஓட்டை பெரிசாகும் என்பது உண்மைதான். தீட்டிக்கொண்டு வந்தார். ஓட்டை அப்படியே இருந்தது. பிறகு பெல்ட். அது வழுக்கிக் கத்திக்கொண்டிருந்தது. மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினார். கத்தல் நின்றது, ஓட்டை மாறவில்லை. வேகம் அதிகம் என்று பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றினார். பிட் நீலம் பாய்ந்து கருகுவது நின்றது, ஓட்டை மாறவில்லை. மூலைமட்டம் வைத்து மேசையைச் சரிபார்த்தார். சக்கின் பற்களை மண்ணெண்ணெயில் கழுவினார். எல்லாவற்றையும் பார்த்தார், அந்தப் படியில் இடித்த ஒன்றைத் தவிர. ஒருவேளை அது இல்லை, வேறு ஏதோ என்று அவர் நிஜமாகவே நம்ப ஆசைப்பட்டிருக்க வேண்டும். இன்றைக்கு அப்படித் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவர் பின்கழுத்தில் வழியும் வியர்வைதான் தெரிந்தது.

எதுவும் சரியாகாமல் போகப்போக அவர் பேச்சு மாறியது.

"நீ ரொம்ப அழுத்தற."

"நான் அழுத்தலைங்க. அதுவா புடிச்சி இழுக்குது."

"அதெப்படி அதுவா இழுக்கும்? நான் பாக்காத மெஷினா? ஒண்ணு உன் கையில கோளாறு. இல்லன்னா உங்கண்ணன் தேஞ்சு போனதை நம்ம தலையில கட்டிட்டாரு. ரெண்டுல ஒண்ணு."

ரெண்டுல ஒண்ணு. அதைக் கேட்டதும் எனக்கு நகம் கடிக்கும் பழக்கம் வந்தது. பத்து விரலும் ரத்தம் கசியும் வரை கடித்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து சாப்பிட்டேன். "கால்ல சக்கரமாடி கட்டியிருக்க?" என்று அம்மா திட்டினாள். வெளியே போனால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மண்மேடு வரை தனியாகப் போவேன். அந்தச் சாம்பல் நிற மண் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மேலே ஏறி நின்று, "மெஷின் கீழே விழுந்துச்சும்மா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே சொல்ல வந்தது. வீட்டில் அம்மா முன்னால் நின்றால் வேறெதையாவது கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவளாவேன். சொல்லாவிட்டால் என்ன ஆவேன் என்பதற்கு எனக்கு அப்போது பெயர் தெரியவில்லை.

அம்மா 'ரெண்டுல ஒண்ணை'த் தேர்ந்தெடுத்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மாமாவின் ஓசூர்ப் பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிடச் சொன்னாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் அவளும் நெருக்கிக்கொண்டு நின்றோம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. மெஷின்ல ஏதாவது கோளாறு வச்சிக்கினு குடுத்துட்டியா?"

மாமா குரல் எனக்கும் கேட்டது. "நீதானேம்மா ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கினு போன?"

"அன்னைக்கு நல்லா ஓடற மாதிரி ஏதாவது பண்ணி வச்சிருந்தியா?"

"உனக்குப் போயி அப்படிச் செய்வனா? நல்லா கேட்ட. நம்பிக்கை இல்லன்னா திருப்பி அனுப்பிடு" என்றார். வைத்துவிட்டார்.

கூண்டை விட்டு வெளியே வந்த அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேர்க்குது" என்றாள். நான் அவள் கையை விடவில்லை. விட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. அம்மா ஒரு பட்டையில் கடைசி ஓட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிட் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கிளாம்ப் நழுவி, பட்டை காத்தாடி மாதிரி சுற்றி அவளுடைய இடது கையில் அடித்தது. பெருவிரலுக்குக் கீழே பிளந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. வலது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, "துணி எடுத்துக்கினு வா" என்றாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அப்பா ஃபேக்டரியிலிருந்து அப்படியே ஓடிவந்தார், நீல யூனிஃபார்ம் முழுக்க கிரீஸ். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பெஞ்சில் அவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் சொன்னேன்ல, உனக்குக் கை நிக்காதுன்னு. போதும் உடு. கேட்டுக்காரருக்கு வேற ஆளு கெடைப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா மெஷின்மேல் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டினார்.

பத்து நாள் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது. அம்மா ஒரு கையால் சமைத்தாள், ஒரு கையால் தண்ணீர்க் குடம் தூக்கினாள், மற்ற பெண்கள் குழாயடியில் கேட்டபோது, "எனக்குப் பழக்கம் உட்டுப்போச்சு, அதான்" என்று அவளே சொன்னாள். அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அதுவரை பயம்தான் இருந்தது.

பதினோராம் நாள் அப்பா முதல் ஷிஃப்ட்டுக்குப் போனதும் ஷெட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சாக்கு கீழே கிடந்தது. அம்மா பிட்டைக் கழற்றிவிட்டு, சக்கில் ஒரு நேரான கம்பியை மாட்டியிருந்தாள். மேசைமேல் ஒரு துண்டு துணிச் சோப்பு. அதில் தன்னுடைய கொண்டை ஊசியைக் குத்தி, ஊசிமுனை கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்திருந்தாள். பிளக் பிடுங்கியிருந்தது.

"இங்க வா. உன் கண்ணு நல்லாக் கீது. நான் புல்லியைக் கையால சுத்தறேன். ஊசிக்கும் கம்பிக்கும் நடுவுல சந்து மாறுதா, அப்படியே நிக்குதா, பாத்துச் சொல்லு."

சுற்றினாள். கம்பி ஊசியை விட்டு விலகியது, நெருங்கியது, இடித்தது, மறுபடி விலகியது.

அப்படியே நிற்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சாக்கு மறுபடி மெஷின்மேல் ஏறியிருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஒரு நொடி அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"மாறுதும்மா" என்றேன்.

அம்மா கம்பியைத் திருப்பி மாட்டிச் சுற்றினாள். மாறியது. சக்கையே கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த ஸ்பிண்டிலின், அதாவது சுழல்கிற தண்டின் முனையில் ஊசியை வைத்துச் சுற்றினாள். அதுவும் மாறியது.

"சக்கு நல்லாக் கீது. ஸ்பிண்டில்தான் ஆடுது" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு தன் இடது கையைத் தூக்கி, கட்டைப் பார்த்தாள். "என் கை இல்ல."

இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. கையில் தையல் போட்டபோது அழாதவள்.

அரை மணி நேரத்தில் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டோம். அவளுக்கு ஒரு கை, எனக்கு இரண்டு. அதைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வயர் பையில் போட்டுக்கொண்டு, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். சாம்பியன் ரீப்ஸில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் கெட்டிக்காரர் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தாள். கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்த ரயில் ஊர்ந்துதான் போகும். பை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அடுத்ததற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஊரிகம் போனது. ஜன்னலோரத்திலிருந்து எழுந்து கதவுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். சாம்பியன் வந்துவிட்டது.

லேத்காரர் ஒல்லி மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். ஸ்பிண்டிலை லேத்தில் இரண்டு முனையிலும் பிடித்து, கடிகாரம் மாதிரி ஒரு சின்னக் கருவியை வைத்துக் கையால் சுற்றினார். முள் முன்னும் பின்னும் போய் வந்தது.

"வளைஞ்சிக் கீதும்மா."

"தேய்மானமா? பழசாயிடுச்சா?"

"தேய்மானமா இருந்தா இப்படி வளையாது. ஓட்டை போட்டு அழுத்தினாலும் இப்படி ஆவாது. இது அடிபட்ட வளைவு. மூக்கு இடிச்சிக்கினு எங்கியோ விழுந்துருக்கு." முனையில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாரு, நசுங்கின அடையாளம். கல்லுல பட்டிருக்கும். ரொம்ப நாள் ஆவல. எப்ப விழுந்துச்சு?"

"விழலியே" என்றாள் அம்மா. "எங்க அண்ணன் பட்டறையில நானே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ பாத்தியா?"

"…ம்."

"எறக்கும்போதா?"

"ம். வாசப்படியில. அப்பாவே சொல்லிக்கறேன்னாரு."

லேத்காரர் அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேட ஆரம்பித்தார். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நேராக்கித் தர முடியுமாண்ணே?" என்று அவரிடம் கேட்டாள். அழுத்தி நேராக்கினால் மறுபடி வளையும், புதுசாகக் கடைந்து தருகிறேன், நாலு நாள் ஆகும் என்றார். சரி என்றாள்.

திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து, தலை பிரிந்து கிடக்கும் மெஷினைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே கேட்டாள்.

"வாசப்படியில எந்தக் கல்லுங்க? மேல் கல்லா, கீழ் கல்லா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அங்கேயே, ஷூவைக்கூடக் கழற்றாமல், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ் கல்லு" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு நாள் வேலை."

"எப்படிச் சொல்றது? ஃபேக்டரியில பத்து டன்னு எறக்கறவன் ஒரு டிரில்லிங் மெஷினைக் கீழ போட்டான்னு… உங்கண்ணன் ஆளு அனுப்பறேன்னாரு, வேணாம்னுட்டேன். இன்னா மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

"என் கை நிக்காதுன்னு சொல்றதுக்கு மட்டும் மூஞ்சி இருந்துச்சா?"

அம்மா வெளியே வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"என் கையை நானே சந்தேகப்பட்டேன். கூடப் பொறந்தவன்கிட்ட, ஏமாத்திட்டியான்னு கேட்டேன். இந்தக் குழந்தை சோறு துன்னாம சுத்திக்கினு இருந்துச்சு, நான் அதையும் திட்டினேன். எல்லாம் எதுக்கு? நீங்க ஜன்னல் பெயின்ட்டைப் பூசி மறைச்சதுக்கு. கேட்டுக்காரர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. எங்கண்ணன்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

மறுநாளே அப்பா போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேட் பட்டறையில் வெல்டிங் பொறிக்கு நடுவே நின்று, "மெஷின்ல கோளாறு இருந்துச்சுங்க. என் வீட்டுக்காரி கையில ஒண்ணும் இல்ல" என்றார். பெரியவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "இன்னா கோளாறு?" அப்பா தயங்கினார். "எறக்கும்போது கீழ போட்டுட்டியாக்கும்?" என்று பெரியவரே சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பா என் பக்கம் பார்க்காமல், "ஆமாங்க" என்றார். "அட போய்யா! நான் இந்த வயசுக்குள்ள மூணு மெஷினைக் கீழ போட்டிருக்கேன்" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக முடிகிற ஒன்றுக்காகத்தான் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீடு அப்படி இருந்தது.

புது ஸ்பிண்டில் வந்தது. அம்மாவே மாட்டினாள். கையில் கட்டுப் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. முதல் ஓட்டை போட்டதும் போல்ட்டை எடுத்து அதில் விட்டாள். அது தன் எடையிலேயே மெதுவாக இறங்கி நின்றது, ஆட்டமில்லாமல். அடுத்த பட்டையை எடுத்தாள். அந்த மெஷினில் அம்மா ஒன்பது வருஷம் வேலை செய்தாள். சுரங்கம் நிஜமாகவே மூடி, தெருவில் பாதி வீடு பெங்களூருக்குக் காலை ரயில் பிடிக்க ஆரம்பித்த பிறகும், எங்கள் ஷெட்டில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மாமாதான் சீக்கிரம் சமாதானமாகவில்லை. அப்பா ஓசூருக்கே நேரில் போய்ச் சொன்ன பிறகும், அம்மா கேட்ட கேள்வி அவரை விடவில்லை. இரண்டு தீபாவளிக்கு அவர் வரவில்லை.

இதெல்லாம் ஆறிப்போனது. ஆறிப்போனது மட்டுமில்லை, வேடிக்கையாகவே ஆகிவிட்டது. போன வருஷம் மாமா பேரனுக்குக் காதுகுத்து. சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அப்பா அந்தக் கதையை எடுத்தார். அதை அவர் ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டெம்போ உயரமாகிக்கொண்டே போகும். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அப்பா என்னைக் காட்டி, "இவ பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தா. ஒரு வார்த்தை வெளிய உட்டிருக்கணுமே! அப்பா மேல அவ்ளோ பாசம் என் பொண்ணுக்கு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் நானும் அம்மாவும். முன்னால் அப்பா தூங்கிவிட்டார், என் கணவர் ஓட்டினார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எனக்கு மறுபடி கால் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா" என்றேன். "அப்ப நான் சொல்லியிருக்கணும்."

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இதை நான் அவளிடம் பேசாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. 'நீ குழந்தை, உனக்கு இன்னா தெரியும், போகட்டும் உடு' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எனக்குப் பேச எதுவும் இருக்காது.

"ஆமா" என்றாள் அம்மா. "சொல்லியிருக்கணும். கை பொளந்த அன்னைக்காவது சொல்லியிருக்கணும்."

"தப்புதாம்மா."

"ம்" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும், காற்று முகத்தில் அடிக்கிறது, கண்ணாடியை ஏற்று என்றாள். ஏற்றினேன்.